ஓட்டமும் விசையும்: மும்பை மின்சார ரயிலை முன்வைத்து ஒரு பௌதிகப் பாடம்

மும்பை நகரில் தாராவிப் பகுதியின் மேற்குப் பக்கத்தில் ஒரு ரயில் பாதையும், கிழக்குப் பக்கத்தில் மற்றொரு ரயில் பாதையும் செல்கின்றன. மேற்கே மாஹிம், மாட்டுங்கா ரோடு நிலையங்களும், கிழக்கே சயான், மாட்டுங்கா நிலையங்களும் உள்ளன. செம்பூர் வழியே துறைமுகப் பாதை செல்கிறது. இப்பகுதிகளில் வாழும் தமிழ்ச் சிறுவர் சிறுமியர் பேசக் கற்கும் முன்பே ரயிலின் ஓசையை அறிந்துகொள்கின்றனர். ஆயினும், அந்த ரயிலின் ஓட்டத்தை ஆளும் விதிகளை அவர்கள் பாடப் புத்தகத்தில் படிக்கும்போது, அவ்விதிகளுக்கும் தங்கள் வீட்டருகே ஓடும் வண்டிக்கும் தொடர்பு உண்டு என்பதை உணர்வதில்லை.

இத்தொடர்பை எடுத்துக்காட்டுவது வெறும் கல்வி நோக்கத்திற்காக மட்டும் அன்று. மும்பைப் புறநகர் ரயில் பாதைகளில் 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். தண்டவாளத்தைக் குறுக்கே கடந்ததும், ஓடும் வண்டியிலிருந்து விழுந்ததும் இவற்றுள் பெரும்பாலானவற்றிற்குக் காரணங்களாகும். வேகம், சடத்துவம், விசை, உராய்வு என்னும் நான்கு கருத்துக்களையும் ஒரு மாணவன் செவ்வனே அறிந்தால், இவ்விபத்துக்கள் ஏன் நேர்கின்றன என்பதைத் தானே கணக்கிட்டு அறியலாம். ஆகவே ஆசிரியர்களும், வெளிக்களப் பணியாளர்களும் இப்பாடத்தை ரயிலைக்கொண்டே நடத்துதல் பொருத்தமாகும்.

வேகம் என்பது யாது?

ஒரு பொருள் ஓர் அலகு நேரத்தில் கடக்கும் தூரமே அதன் வேகம் ஆகும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். ரயில்களின் வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கூறுவது வழக்கம். ஆனால் பௌதிகக் கணக்குகளுக்கு வினாடிக்கு இத்தனை மீட்டர் என்னும் அளவே வசதியானது. மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 10 மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 20 மீட்டர். முதல் அளவை 5ஆல் பெருக்கி 18ஆல் வகுத்தால் இரண்டாம் அளவு வரும். இவ்விரண்டு எண்களையும் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணாவுக்குச் சென்றது. தூரம் 34 கிலோமீட்டர். வண்டி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அந்த நீராவி வண்டியின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 34 கிலோமீட்டர் என்பது இதனால் விளங்கும். 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே, துறைமுகப் பாதை வழியாக, நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது. நீராவி எஞ்சினை விட மின்னோடி விரைவில் வேகம் பிடிக்க வல்லது. அடுத்தடுத்து நிலையங்கள் உள்ள பாதைக்கு இது மிகவும் ஏற்றது. இதன் காரணம் பின்னர் விளங்கும்.

சராசரி வேகமும் அப்போதைய வேகமும்

மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் இடையே உள்ள தூரம் 2,600 மீட்டர். மெதுவண்டி ஒன்று மாட்டுங்காவிலிருந்து புறப்பட்டு, வேகம் கூடிக்கொண்டே சென்று, வினாடிக்கு 20 மீட்டர் என்னும் வேகத்தை அடைந்து, அவ்வேகத்திலேயே ஓடி, பின் வேகம் குறைந்து சயானில் நிற்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு வினாடியிலும் அதன் வேகம் அரை மீட்டர் கூடுமாயின், 20 மீட்டர் வேகத்தை அடைய 40 வினாடிகள் வேண்டும். இந்நேரத்தில் சராசரி வேகம் 10 மீட்டர். எனவே கடந்த தூரம் 400 மீட்டர். நிறுத்தும்போது ஒவ்வொரு வினாடியிலும் வேகம் 0.8 மீட்டர் குறைவதாயின், நிற்பதற்கு 25 வினாடிகள் ஆகும். தூரம் 250 மீட்டர். எஞ்சிய 1,950 மீட்டரை முழு வேகத்தில் கடக்க 97.5 வினாடிகள் ஆகும்.

மூன்றையும் கூட்டினால் 162.5 வினாடிகள். 2,600ஐ இதனால் வகுத்தால் வினாடிக்கு 16 மீட்டர், அதாவது மணிக்கு 57.6 கிலோமீட்டர், என்று சராசரி வேகம் கிடைக்கிறது. வண்டியின் உச்ச வேகமோ மணிக்கு 72 கிலோமீட்டர். நிலையத்தில் நிற்கும் அரை நிமிடத்தையும் சேர்த்தால் சராசரி மணிக்கு 49 கிலோமீட்டருக்கும் குறைந்துவிடும். நிலையங்கள் நெருங்கியிருக்கும் பாதையில் உச்ச வேகத்தைக் கூட்டுவதால் கிடைக்கும் பயனைவிட, விரைந்து வேகம் பிடிப்பதாலும் விரைந்து நிற்பதாலும் கிடைக்கும் பயன் அதிகம். மின்னோடியின் சிறப்பு இங்கேதான் உள்ளது.

ஒரு வினாடியில் வேகத்தில் உண்டாகும் மாறுதலுக்கு வேகவளர்ச்சி அல்லது முடுக்கம் என்று பெயர். வேகம் குறையும்போது அதனை எதிர்முடுக்கம் என்பர்.

சார்பு வேகம்

மாட்டுங்கா நிலையத்தில் விரைவண்டிகள் நிற்பதில்லை. அவை தனித் தண்டவாளங்களில் செல்கின்றன. மெதுவண்டியில் செல்பவர், அடுத்த தண்டவாளத்தில் அதே திசையில் ஓடும் வண்டியைப் பார்க்கும்போது, சில கணங்கள் அது அசையாமல் நிற்பது போலத் தோன்றுவதைக் கண்டிருப்பார். இரண்டும் ஒரே வேகத்தில் செல்லுவதால், ஒன்றைச் சார்ந்து மற்றொன்றின் வேகம் சூன்யமாகும்.

எதிர்த் திசையில் வரும் வண்டியின் நிலை வேறு. இரண்டும் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சென்றால், ஒன்றைச் சார்ந்து மற்றொன்றின் வேகம் 40 மீட்டர். அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர். வாயிலில் வெளியே சாய்ந்து நிற்பவரை எதிர் வண்டி கடப்பது இந்த வேகத்தில்தான். அவர் தம் வண்டியின் வேகத்தை மட்டுமே உணர்கிறார். ஆபத்தின் வேகம் அதைப்போல் இருமடங்கு.

சடத்துவம்

நிற்கும் பொருள் நிற்கவே முயலும். ஓடும் பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் ஓடவே முயலும். புறவிசை ஒன்று செயற்பட்டாலன்றி இந்நிலை மாறுவதில்லை. இதுவே 1687இல் நியூட்டன் வெளியிட்ட நூலில் காணப்படும் முதல் இயக்க விதி. பொருளின் இவ்வியல்புக்குச் சடத்துவம் என்று பெயர். சாய்தளங்களில் குண்டுகளை உருட்டிப் பார்த்த கலீலியோவின் ஆராய்ச்சிகள் இவ்விதிக்கு வழிகோலின.

தாராவியின் கும்பார்வாடாவில் குயவர் சக்கரத்தைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். கனத்த சக்கரத்தை ஒரு கோலால் சுழற்றிவிட்டுக் கோலை எடுத்தபின்னும் அது நெடுநேரம் சுழல்கிறது. மண்ணில் பானை உருவாவது இந்தச் சடத்துவத்தின் உதவியாலேயே. அச்சின் உராய்வும், கையின் அழுத்தமும் அதனைச் சிறிது சிறிதாக நிறுத்துகின்றன.

இனி ரயிலுக்கு வருவோம். வண்டி நிலையத்தில் முற்றிலும் நிற்கும் முன்பே இறங்கும் பழக்கம் பலரிடம் உண்டு. வண்டி வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதில் நிற்பவரின் உடல் முழுவதும் அதே வேகத்தைக் கொண்டுள்ளது. அவர் காலை மேடையில் வைத்தவுடன், மேடையின் உராய்வு காலை நிறுத்திவிடுகிறது. உடலின் மேற்பகுதியோ வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் முன்னே செல்கிறது. கால் நிற்க உடல் ஓடுவதால் அவர் முன்புறமாகக் கவிழ்கிறார். ஓடும் வண்டியில் ஏற முயல்பவருக்கு நேர்வது இதன் மறுதலை: கம்பியைப் பற்றிய கை வண்டியுடன் செல்கிறது, உடல் பின்தங்குகிறது, கால் மேடைக்கும் வண்டிக்கும் இடைப்பட்ட இடைவெளியை நோக்கி இழுபடுகிறது. இதில் துணிவுக்கோ பழக்கத்துக்கோ இடமில்லை. விதி யாவருக்கும் பொது.

விசையும் முடுக்கமும்

சரக்கு ஏற்றிய கைவண்டியைத் தள்ளுபவரைக் கவனித்தால் இரண்டு உண்மைகள் புலப்படும். புறப்படும்போது அவர் தம் முழு வலுவையும் செலுத்துகிறார். வண்டி ஓடத் தொடங்கியபின் சிறு விசையே போதுமாகிறது. மேலும், சரக்கு இருமடங்காயின் அதே அளவில் வேகம் பிடிக்க இருமடங்கு விசை வேண்டும். விசையானது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வரும் தொகைக்குச் சமம் என்னும் இரண்டாம் இயக்க விதி இதுவே. நிறையைக் கிலோகிராமிலும், முடுக்கத்தை மீட்டர், வினாடி அளவுகளிலும் கூறினால் விசை நியூட்டன் என்னும் அலகில் கிடைக்கும். ஒரு கிலோகிராம் எடையுள்ள பொருளைக் கையில் தாங்குவதற்கு வேண்டிய விசை ஏறத்தாழ 10 நியூட்டன்.

பன்னிரண்டு பெட்டிகள் கொண்ட மும்பைப் புறநகர் வண்டியில் நெரிசல் நேரத்தில் சுமார் ஐயாயிரம் பேர் செல்கின்றனர். பயணிகளோடு வண்டியின் நிறை 800 டன் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளலாம். இது 8 லட்சம் கிலோகிராம். வினாடிக்கு அரை மீட்டர் வீதம் இதன் வேகத்தைக் கூட்ட 4 லட்சம் நியூட்டன் விசை வேண்டும். வினாடிக்கு 0.8 மீட்டர் வீதம் குறைக்க 6 லட்சத்து 40 ஆயிரம் நியூட்டன் விசை வேண்டும். வண்டியை ஓட்டுவதற்கு வேண்டியதைக் காட்டிலும் நிறுத்துவதற்கு மிகுதியான விசை தேவைப்படுகிறது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

நிற்கும் தூரம்

தண்டவாளத்தில் ஓர் ஆளைக் கண்டவுடன் ஓட்டுநர் வண்டியை ஏன் நிறுத்துவதில்லை என்று பலர் கேட்கின்றனர். இதற்கு விடை கணக்கில் உள்ளது. எதிர்முடுக்கம் முன்போல 0.8 என்றே கொள்ளலாம்.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கும் தூரம் 62.5 மீட்டர்.
மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கும் தூரம் 250 மீட்டர்.
மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கும் தூரம் சுமார் 390 மீட்டர்.

வேகம் இருமடங்காகும்போது தூரம் நான்கு மடங்காவதைக் காண்க. நிற்பதற்கு ஆகும் நேரமும் இருமடங்காகிறது; அந்நேரத்தின் சராசரி வேகமும் இருமடங்காகிறது; இரண்டையும் பெருக்கினால் நான்கு வருகிறது. இதனோடு ஓட்டுநர் ஆளைக் கண்டு தடுப்பானை இயக்குவதற்கு ஆகும் நேரத்தையும் சேர்க்கவேண்டும். அது ஒரு வினாடியாயினும், இரண்டாவது எடுத்துக்காட்டில் 20 மீட்டர் கூடுகிறது. ஆக, 270 மீட்டருக்குள் நிற்பவரை அந்த வண்டியால் காப்பாற்ற இயலாது. ஓட்டுநரின் திறமையோ மனமோ இதனை மாற்ற வல்லது அன்று. அவர் ஊதலை ஒலிக்கலாம், தடுப்பானைப் போடலாம், எஞ்சியதைத் தண்டவாளத்தில் நிற்பவரே செய்யவேண்டும்.

உராய்வும் மூன்றாம் விதியும்

ஒவ்வொரு விசைக்கும் சமமானதும் எதிரானதுமான விசை உண்டு என்பது மூன்றாம் விதி. சக்கரம் தண்டவாளத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தண்டவாளம் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. வண்டி முன்னேறுவது இந்த இரண்டாவது விசையால்தான். இவ்விரு விசைகளும் உராய்வின் மூலமே செயற்படுகின்றன. உராய்வு இல்லையேல் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். மழை நாளில் வழுக்கும் சந்தில் காலூன்ற முடியாமல் நடப்பவரின் நிலை போன்றது அது.

உருக்குச் சக்கரமும் உருக்குத் தண்டவாளமும் கடினமானவை. ஒன்றையொன்று அழுத்தும்போது சிறிதளவே நசுங்குகின்றன. ஆகவே மிகக் குறைந்த தடையுடன் பெரும் பாரம் உருண்டு செல்லுகிறது. ஆனால் இதே காரணத்தால் பிடிப்பும் குறைவு. உலர்ந்த தண்டவாளத்தில் பிடிப்பு விசை, சக்கரத்தின் மீதுள்ள பாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மழையில் நனைந்து அழுக்குப் படிந்த நிலையில் அது பத்தில் ஒரு பங்காகவும் குறையக்கூடும். அப்போது எல்லாச் சக்கரங்களையும் தடுத்தாலும் கிடைக்கக்கூடிய எதிர்முடுக்கம் வினாடிக்கு வினாடி ஒரு மீட்டருக்கு மேற்படாது. அதற்கு மேல் அழுத்தினால் சக்கரம் சுழலாமல் வழுக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் பெய்யும் பெருமழையில் ஓட்டுநர்கள் முன்னதாகவே தடுப்பானைப் பயன்படுத்துவதன் காரணம் இதுவே.

2014 பிப்ரவரியில் செம்பூருக்கும் வடாலாவுக்கும் இடையே தொடங்கப்பட்ட ஒற்றைத் தண்டவாள ரயில் இதற்கு மாறான அமைப்புடையது. அது கான்கிரீட் உத்தரத்தின் மீது ரப்பர் சக்கரங்களால் ஓடியது. உலர்ந்த கான்கிரீட்டில் ரப்பரின் பிடிப்பு உருக்கின் பிடிப்பைவிடப் பன்மடங்கு அதிகம். ஆனால் ரப்பர் நசுங்கி விரிவதால் உருளும்போது ஆற்றல் மிகுதியாகச் செலவாகிறது. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டும் என்பது பொறியியலில் பொதுவான நியதி.

வளைவில் நேர்வது

நேர்கோட்டில் செல்ல முயலும் பொருளை வளைந்து செல்லச் செய்ய, வளைவின் மையத்தை நோக்கி ஒரு விசை வேண்டும். இதற்கு மையநோக்கு விசை என்று பெயர். வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் அதற்குரிய முடுக்கம் கிடைக்கும். 500 மீட்டர் ஆரமுள்ள வளைவில் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும்போது இது 0.8 ஆகும். 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவருக்கு வேண்டிய விசை 40 நியூட்டன். அதாவது நான்கு கிலோகிராம் எடையைத் தாங்குவதற்கு ஒப்பானது.

இது சிறு விசையே எனத் தோன்றலாம். பெட்டியினுள் நிற்பவருக்குத் தரையும் சுவரும் இதனை அளிக்கின்றன. தண்டவாளங்களில் வெளிப்புறத்ததைச் சற்று உயர்த்தி அமைப்பதும் இதற்காகவே. ஆனால் வாயிலில் தொங்குபவருக்கு இவ்விசையைத் தருவது கம்பியைப் பற்றிய அவருடைய விரல்கள் மட்டுமே. அன்றியும், அவருக்குப் பின்னே பிடிப்பின்றி நிற்கும் ஐவர் வெளிப்புறமாகச் சாய்வார்களாயின், அவர்களுக்கு வேண்டிய 200 நியூட்டன் விசையையும் அவரே அளிக்க நேரிடும். மொத்தம் 240 நியூட்டன்; எதிர்பாராத ஒரு கணத்தில் 24 கிலோகிராம் பாரம் கையில் விழுந்தது போலாகும்.

2025 ஜூன் 9 அன்று காலை மும்ப்ரா நிலையத்துக்கு அருகே ஒரு வளைவில், எதிரெதிராகச் சென்ற இரண்டு வண்டிகளின் வாயில்களில் தொங்கிச் சென்ற பயணிகள் கீழே விழுந்தனர், சிலர் உயிரிழந்தனர். வளைவு, எதிர் வண்டியின் சார்பு வேகம், நெரிசலின் அழுத்தம் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடும் இடத்தில் வாயிலில் நிற்பவருக்குப் பாதுகாப்பு இல்லை. 2017 டிசம்பர் 25 அன்று ஓடத் தொடங்கிய குளிர்சாதனப் புறநகர் வண்டிகளில் கதவுகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. கதவு மூடியிருக்கும்போது மையநோக்கு விசையை அளிப்பது கதவே; மனிதனின் விரல்கள் அல்ல.

இடநெருக்கடியால் வாயிலில் நிற்க நேர்பவர்கள் விரும்பி அங்கு நிற்பதில்லை என்பதையும் ஆசிரியர் மறத்தலாகாது. பாடத்தின் நோக்கம் அவர்களைக் குறைகூறுவது அன்று. ஆபத்தின் அளவை எண்ணால் அறியச் செய்வதே.

கண் செய்யும் பிழை

நேரே வரும் வண்டியின் வேகத்தைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். பக்கவாட்டில் செல்லும் பொருள் நம் பார்வையில் இடம் பெயர்கிறது; நேரே வரும் பொருளோ சிறிது சிறிதாகப் பெரிதாவது மட்டுமே தெரிகிறது. மேலும், பெரிய பொருள்கள் உண்மையைவிட மெதுவாக வருவது போலத் தோன்றும் என்று லைபோவிட்ஸ் என்னும் உளவியல் அறிஞர் 1985இல் எடுத்துரைத்தார்.

மாட்டுங்காவுக்கு அண்மையிலுள்ள வடாலாவில், 2010ஆம் ஆண்டையொட்டி இக்கருத்து நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. தண்டவாளத்தின் அடியிலுள்ள குறுக்குக்கட்டைகளில் சிலவற்றிற்கு இடைவிட்டு மஞ்சள் வண்ணம் பூசினர். வண்டி வரும்போது அம்மஞ்சள் கோடுகள் ஒவ்வொன்றாக மறைவதைக் காண்பவர், வண்டியின் வேகத்தைச் சரிவர உணர்கின்றார். நீண்ட ஊதலுக்குப் பதிலாக இரண்டு குறு ஊதல்களும் ஒலிக்கப்பட்டன. அதன்பின் அவ்விடத்தில் இறப்புக்கள் குறைந்ததாக அறிவிக்கப்பட்டது. வேகம் என்பது குறித்த நேரத்தில் கடந்த தூரம் என்னும் முதற் பாடமே அங்கு வண்ணக் கோடுகளாக வரையப்பட்டது எனலாம்.

வகுப்பில் செய்யத்தக்கவை

1. ஒரு குவளையின் வாயில் அட்டையை வைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைக்க. அட்டையை விரலால் சுண்டினால் அட்டை பறக்கும். நாணயம் குவளைக்குள் விழும். நிற்கும் பொருளின் சடத்துவத்தை இது காட்டும்.

2. சக்கரமுள்ள விளையாட்டு வண்டியின்மேல் ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்து, வண்டியை உருட்டி ஒரு புத்தகத்தில் மோதவிடுக. வண்டி நிற்கும், தீப்பெட்டி முன்னே கவிழும். ஓடும் வண்டியிலிருந்து இறங்குபவரின் நிலை இதுவே.

3. சாய்த்த பலகையில் கோலிக்குண்டு ஒன்றை வெவ்வேறு உயரங்களிலிருந்து உருட்டி, கீழே விரித்த சாக்கின்மேல் அது எவ்வளவு தூரம் சென்று நிற்கிறது என்பதை அளந்து எழுதுக. வேகம் கூடக் கூட நிற்கும் தூரமும் மிகுவதை மாணவர்கள் காண்பர்.

4. ஆசிரியர் துணையுடன் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நின்று, பன்னிரண்டு பெட்டி வண்டி ஒரு கம்பத்தைக் கடக்க ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்க. வண்டியின் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர். கடக்க 12.5 வினாடிகள் ஆயின் வேகம் வினாடிக்கு 20 மீட்டர். இதனை எக்காரணத்தாலும் தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று செய்யலாகாது.

வினாக்கள்

1. இரண்டு தண்டவாளங்களைக் கடக்க ஒருவர் 10 மீட்டர் நடக்கவேண்டும். அவர் வினாடிக்கு ஒரு மீட்டர் வீதம் நடக்கிறார். அந்நேரத்தில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகமுள்ள வண்டி எவ்வளவு தூரம் வரும்? (விடை: 200 மீட்டர்.)

2. ஒவ்வொன்றும் 250 மீட்டர் நீளமுள்ள இரண்டு வண்டிகள் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எதிரெதிராகச் செல்கின்றன. ஒன்றையொன்று முற்றிலும் கடக்க எவ்வளவு நேரமாகும்? (விடை: 12.5 வினாடிகள்.)

3. முதல் வினாவில் கூறிய வண்டியின் ஓட்டுநர், 200 மீட்டர் தொலைவிலேயே ஆளைக் கண்டு தடுப்பானைப் போட்டால் வண்டி அவருக்கு முன் நிற்குமா? காரணம் கூறுக. (விடை: நிற்காது, நிற்பதற்கு 270 மீட்டர் வேண்டும்.)

மூன்றாம் வினாவின் விடையை மாணவர்கள் தாமே கணக்கிட்டுக் கண்டபின், நடைமேம்பாலத்தின் படிகளில் ஏறுவதற்கு ஆகும் இரண்டு நிமிடங்களைப் பற்றி ஆசிரியர் அவர்களோடு உரையாடலாம்.